ரசிகர் என்றால் இவர்கள்!

கேள்வி: டிக்கெட், டீ-சர்ட் வாங்குவதைத் தவிர, கால்பந்து ரசிகர்கள் தங்கள் கிளப்புக்குப் பணம் சேர்க்க வேறு வழி உண்டா?

பதில்: ரத்தம் கொடுக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2004இல் ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கிளப் கடும் பணமுடையில் தத்தளித்தது. ரசிகர்கள் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்து, அதற்குக் கிடைத்த தொகையைக் கிளப்புக்கே தந்தார்கள். இயக்கத்தின் பெயரே ‘யூனியனுக்காக ரத்தம் சிந்துவோம்’. (நம் நாட்டில் ரத்தத்துக்குக் காசு வாங்கத் தடை. முயல வேண்டாம்!)

அடுத்து மைதானம் பழுதாகிவிட்டது. புதுப்பிக்கக் காசில்லை. 2008-09இல் 2,000க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலியில்லாமல், சுமார் 1,40,000 மணி நேரம் உழைத்துக் கட்டினார்கள். கொத்தனார் கூலி மிச்சமானால் அதுவும் வருமானம்தானே?

அதோடு விட்டார்களா? 2011இல் அதே மைதானத்தின் பங்குகளை, ஒன்று 500 யூரோ வீதம் வாங்கிக்கொண்டார்கள். சித்தாள் வேலை பார்த்து, சம்பளத்தையும் விட்டுக்கொடுத்து, கட்டிய கட்டடத்துக்குக் காசும் கொடுக்கிறார்கள்! இவர்களில் நாலு பேர் எனக்கு ரசிகர்களாக வாய்த்தால் போதும், என் வீட்டு மாடியை எழுப்பிவிடுவேன்.