சரக்கு வாகன் நிர்மாண விசாரம்

ரயில் வண்டியைச் சிறு பிரதிமையாகச் செய்வோருள் எஞ்சினைச் செய்பவர் ராஜஸ குணத்தினர் என்றும், யாரும் வழியனுப்ப வராத கூட்ஸ் வாகனை அட்டையும் பிளேடும் கொண்டு கையாலேயே சமைப்பவரே சாத்விகர் என்றும் கொள்வது, பாகாலாவாசியாகிய அடியேனின் துணிபு. காட்பாடி–கூடூர் பாதையினின்று தர்மாவரம் பாதை பிரியும் இந்த ஜங்ஷனில், சின்ன லைன் பெரிய லைனாயிற்று. 2022-இல் ஊரே சித்தூர் ஜில்லாவிலிருந்து திருப்பதி ஜில்லாவுக்கு மாறிற்று. வாகன் மட்டும் அதே செங்காவி நிறத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

இனிப் பூர்வபட்சம். "ஏங்க, நெஜ கூட்ஸே ஸ்டேஷன்ல சும்மா நிக்குதே, அதைப் போய்ப் பாத்துட்டு வந்தா ஆகாதா?" என்பது என் இல்லாளின் ஆட்சேபம். ஊதுவத்திக் குச்சிகள் பூஜை அறையிலிருந்து மறைந்த காலையில் எழுந்ததாகையால், இதனைத் தூய தர்க்கமென்று ஏற்பதற்கில்லை. புனேயில் 1998-இல் திறக்கப்பட்ட ஜோஷி மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகத்தை நான் பிரமாணமாகக் காட்டினேன். அங்கே பூஜை அறைக் குச்சிகளையா எடுக்கிறார்கள் என்ற பதில் கேள்விக்கு இன்னும் சமாதானம் தேடுகிறேன்.

சித்தாந்தத்துக்கு வருவோம். நிலக்கரி சுமக்கும் பாக்ஸ்-என் வாகன் கப்ளிங் உட்பட 10,713 மி.மீ. நீளமுடையது. அதனை எச்.ஓ. என்னும் பிரதிமை அளவுப்படி 87-ஆல் வகுத்தால் 123 மி.மீ., அதாவது ஒரு சாண் கூட இல்லை. இவ்வளவு வரை சாஸ்திரம் சுலபம். சிக்கல் தண்டவாளத்தில் பிறக்கிறது. கடையில் விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; 1,435 மி.மீ. அகலமுள்ள பிற நாட்டுப் பாதைக்கு அது பொருந்தும். நமது பெரிய லைனோ 1,676 மி.மீ. ஆகவே, கடைத் தண்டவாளத்தில் நம் வாகனை நிறுத்துகிறவர், பாரத ரயில்வேயில் ஏறக்குறைய ஒன்பதரை அங்குலத்தைத் திருடியவராகிறார். இதைக் கண்டுகொள்ளாதோர் லௌகிகர், 19 மி.மீ.க்குச் சற்றே கூடுதலாகத் தாமே தண்டவாளம் பதிப்போர் வைதிகர். நான் வைதிகனாக இருந்து, இரண்டு மாதத்தில் லௌகிகனானேன்.

இவ்விசாரத்தினிடையே ஒரு விஷயம் தென்பட்டது. பாக்ஸ்-என் வாகனின் புதுச் சக்கரம் 1,000 மி.மீ. விட்டமுடையது, மறைந்த சின்ன லைனின் அகலமும் அதுவே. பெயர்த்தெடுக்கப்பட்ட மீட்டர் கேஜ், பெரிய லைன் வாகனின் அடியில் சக்கரமாக நின்று சுழல்கிறது என்பது என் கட்சி. எஞ்சினியர்கள் சிரிக்கலாம்.

பக்கப் பலகைகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையைவிடச் சிறந்த திரவியம் இல்லை. பழைய சின்ன லைன் வாகனாயின், அட்டையின் பின்புறம் மழுங்கிய ஊசியால் அழுத்த, முன்புறம் ரிவெட் தலைகள் புடைத்தெழும். நூறாவது ரிவெட்டில் கை தவறினால் முதல் ரிவெட்டிலிருந்து தொடங்க வேண்டும். பளபளவென்று முடித்தபின் துருவும் கரியும் பூசி அதனைக் கெடுப்பதே கடைசிக் கிரியை; பிழைபடாமல் கெடுப்பதற்கு, கட்டியதைவிட அதிக நாள் பிடிக்கிறது.

ஒரு ரேக்குக்கு, அதாவது முழுக் கூட்ஸ் வண்டிக்கு, 58 வாகன்கள். வரிசையாக நிறுத்தினால் ஏழு மீட்டருக்கு மேல். எங்கள் கூடம் நாலரை மீட்டர். இதுவரை முடிந்தவை மூன்று. ஆதலால் இந்த முகூர்த்தக் காலத்தில் தங்கள் வீட்டுக்கு வரும் கெட்டி அட்டைப் பத்திரிகைகளை, கல்யாணம் முடிந்த மறுநாளே எறிந்துவிடாமல் எடுத்துவைக்க வேண்டுகிறேன். பிள்ளையார் படம் அச்சிட்ட பக்கம் வேண்டாம். அதன்மேல் துரு பூச மனம் வருவதில்லை.