பொட்டி வந்துருச்சு, ஆபரேட்டரு எங்கே?

வாடா கண்ணு, உக்காரு. ஊருக்கே தெரிஞ்சு போச்சு. கொரியர்ல புரொஜெக்டர் வந்திருக்குதாமா, ஞாயித்துக்கெழமை ராத்திரி மேட்ச்சை வாசல்லயே பெருசாக் காட்டப் போறயாமா. ஒறம்பரைக்கெல்லாம் போன் போட்டாச்சு, உங்கம்மா முறுக்குக்கு மாவு அரைக்கக் குடுத்தாச்சு. ரொம்பச் சந்தோசம். மிஷினு வாங்கறதுக்குப் பணம் இருந்தாப் போதும். ஆபரேட்டர் ஆவறதுக்கு? அதக் கேக்கத்தான அப்புச்சிகிட்ட வந்திருக்கறே? கேக்க வராட்டியும் நாஞ் சொல்லாம உடமாட்டேன்.

நம்ம கோயமுத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட்டு தெரியுமா? ரயில்வேயில வரைபடம் போட்டுக்கிட்டிருந்த மனுசன். 1905ல டூபாண்டுன்னு ஒரு பிரெஞ்சுக்காரன்கிட்ட படப்பொட்டிய வாங்குனாரு, ஊரூராக் கூடாரம் போட்டுக் காட்டுனாரு. அப்பறம் 1914ல கோயமுத்தூர்ல வெரைட்டி ஹால் கட்டுனாரு. அந்த ரோட்டுக்கு இன்னைக்கும் அதான் பேரு. அவரு பொட்டி வாங்குனாரு, வேலைய உட்டாரு, தொழிலப் படிச்சாரு. நீ பொட்டி வாங்குனே, போட்டோப் புடிச்சே, ஸ்டேட்டஸ் வெச்சே. சோலி முடிஞ்சுது.

அப்பெல்லாம் டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டர் வேலைக்கு லைசென்ஸ் வேணும். ரெண்டு கார்பன் குச்சிக்கு நடுவால எரியற வெளிச்சத்துல ஒரு கண்ணு, ஓடற ரீல்ல ஒரு கண்ணு. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டுனு பத்திக்கும். அதனால கேபின்ல மணல் வாளி இருக்கும், பீடி உள்ளே வராது. உனக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லே. பட்டனை அமுக்குனா எரியுது. அதனாலதான் உனக்குப் பயமும் இல்லே, பயம் இருந்தா வர்ற புத்தியும்... செரி, உடு. ஒறம்பரை வர்ற நேரத்துல எதுக்குப் பொல்லாப்பு.

மொதல்ல அந்த அட்டைப் பொட்டி மேல என்ன எழுதீருக்குதுன்னு படி. 9000 லூமென்ஸா! பலே! பொண்ணு பாக்க வந்தவங்க சொல்ற சம்பளம் மாதிரிதான் கண்ணு அது. கழிக்க வேண்டியதக் கழிச்சுட்டுத்தான் கணக்குல எடுக்கோணும். ‘ஆன்சி லூமென்’னு எங்காச்சும் பொடி எழுத்துல இருக்குதான்னு பாரு. திரையில ஒம்பது எடத்துல வெளிச்சத்த அளந்து, சராசரி எடுத்துச் சொல்ற அளவு அது. கையடக்கமான பொட்டியில அது 200, 300 இருந்தாலே கும்புட்டு வாங்கிக்கலாம். அடுத்து, ‘4கே சப்போர்ட்’னு போட்டிருப்பான். 4கே படத்த உள்ளே வாங்கிக்கும்கிறான். வெளியே காட்டறது எவ்வளவுன்னு சொல்லலே. அது ‘நேட்டிவ்’னு இருக்கற வரியில இருக்கும். 1920க்கு 1080ன்னு இருந்தா நீ பொழச்சே. 854க்கு 480ன்னு இருந்தா, ஸ்கோரு தெரியும், ஆனா பந்து எங்கே போச்சுன்னு உங்க மாமன்கிட்டத்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்.

300 லூமென்ஸ வெச்சு ஆறடி அகலத்துக்குக் காட்டு, இருட்டுல படம் பளிச்சுனு இருக்கும். ‘ஊருக்கே தெரியோணும் அப்புச்சி’ன்னு பன்னெண்டடிக்கு இழுத்தீன்னா, அகலம் ரெண்டு மடங்கு ஆச்சு, ஒசரமும் ரெண்டு மடங்கு ஆச்சு, அதே வெளிச்சம் நாலு மடங்கு எடத்துல பரவோணும். அடிக்கு அடி பாத்தா நாலுல ஒரு பங்குதான் மிஞ்சும். பெருசாக் காட்டோணும்கிற ஆசையில பெரும்பாலானவங்க மங்கலாத்தான் காட்டறாங்க, அரசியல்லயும் அப்பிடித்தான்.

சாயங்காலம் அஞ்சரைக்கே பொட்டியப் போட்டுட்டு, ‘ஒண்ணுமே தெரியலியே, ஏமாத்திப்புட்டான்’னு கம்பெனிக்காரனத் திட்டாதே. பொழுது உளுகட்டும். மேட்ச்சு ஏழரைக்குத்தான். கறுப்பு நெறத்த எந்தப் பொட்டியும் அடிக்காது. செவுத்துல இருட்டு எவ்வளவு இருக்குதோ அதான் உன்ற படத்துக்குக் கறுப்பு. தெருவிளக்க அணைக்க உனக்கு அதிகாரம் இல்லே, ஆனாத் திரை முகத்துல அது உளுகாமத் திருப்பிக் கட்ட அறிவு இருக்குது. இருக்குதுன்னு நம்பறேன்.

திரைக்கு உன்ற ஐயன் எட்டு முழ வேட்டியக் கொண்டாந்து நிப்பான். வேண்டாம்னு சொல்லு. ஒத்தைத் துணியில பாதி வெளிச்சம் ஊடுருவிப் பொறத்தால போயிரும். கட்டுத்தாரையில மாடுகதான் மேட்ச்சுப் பாக்கும். காத்தடிச்சா ஸ்டம்பு பந்து படாமயே நெளியும். வெள்ளையடிச்ச மட்டமான செவுரு கெடைச்சா அதான் ராசா. இல்லாட்டி, போன தேர்தலுக்குக் கட்டுன பிளெக்ஸ் பேனரு ஏதாச்சும் கூரை மேல கெடக்கும். பொறத்தாண்டப் பக்கம் வெளுப்பா இருக்கறதாப் பாத்து எடு, ஈரத்துணியில தொடை, நாலு மூலையும் சுருக்கமில்லாம இழுத்துக் கட்டு, பின்னால ஒரு கறுப்புத் துணியத் தொங்க உடு. தலைவரு மூஞ்சி செவுத்தப் பாத்துக்கிட்டிருக்கட்டும், நாம முதுகைப் பாப்போம். தேர்தலுக்குப் பொறவு அவரு நமக்குக் காட்டறதும் அதான.

இனி தூரம். புஸ்தகத்துல ‘த்ரோ ரேஷியோ’ன்னு ஒரு எண்ணு இருக்கும். புஸ்தகம் எங்கே? அட்டைப் பொட்டியோட குப்பைக்குப் போயிருச்சா? பொறுக்கிட்டு வா. அந்த எண்ணு 1.2ன்னா, படம் ஆறடி அகலத்துக்கு வேணும்னாப் பொட்டி சுமாரா ஏழே கால் அடி தள்ளி இருக்கோணும். பெருக்கல் கணக்குத்தான், நீ படிச்ச இஞ்சினியரிங்குக்குத் தாங்கும். எடத்த அளந்து தரையில சாக்பீசுல கோடு போட்டுட்டு அப்பறம் பாயி விரி. எல்லாரும் உக்காந்த பொறவு, ‘சித்தப்பா கொஞ்சம் தள்ளுங்க, அத்தை காலை மடக்குங்க’ன்னு சொன்னா, அவுங்க தள்ளுவாங்க, ஆனா அடுத்த விசேசம் வரைக்கும் பேசிப் பேசியே உன்னைத் தள்ளுவாங்க.

பொட்டிய ஸ்டூல் மேல வெச்சு, மூக்குக்கு அடியில தீப்பொட்டியச் சொருகி அண்ணாந்து பாக்க வெச்சீன்னா, படம் மேலே அகலமாயும் கீழே குறுகலாயும் வரும். அதச் செரி பண்ண ‘கீஸ்டோன்’னு ஒரு வித்தை உள்ளே இருக்குது. அது படத்தச் சுருக்கித்தான் நிமுத்தும். இருக்கற புள்ளியில கொஞ்சத்தத் தின்னுரும். பொட்டிய மட்டமா, திரைக்கு நேரா நிறுத்துனா அந்த வித்தையே வேண்டாம். சின்னப் பொட்டிக்கு அடியில கேமரா ஸ்டேண்டு திருகற ஓட்டை இருக்கும், அதுல மாட்டு. ஆடற பிளாஸ்டிக் நாற்காலி மேல வெக்காதே. போக்கஸ் திருகறப்ப ஆளு மூஞ்சியப் பாத்துத் திருகாதே. ஸ்கோரு எழுத்தப் பாத்துத் திருகு. எழுத்தோட ஓரம் கத்தியாத் தெரியறப்ப உட்டுரு. பொட்டி சூடேறுனதும் போக்கஸ் கொஞ்சம் நழுவும். கால் மணி நேரம் கழிச்சு இன்னொருக்கா சன்னமாத் திருகு. கொட்டகையில படம் மங்குனா ஆபரேட்டர விசிலடிச்சு எழுப்புவோம். உனக்கு விசிலு வேண்டாம், உன்ற பொண்டாட்டி திரும்பி ஒரு பார்வை பாப்பா.

கரண்டு விசயத்துல மட்டும் லொள்ளு இல்லாமச் சொல்றேன், காதத் தீட்டிக் கேளு. மூணு முள்ளு பிளக்குல பெரிய முள்ளு எர்த்து. அத ஒடிச்சுட்டு ரெண்டு ஓட்டையில சொருகற கெட்டிக்காரத்தனம் வேண்டாம். எக்ஸ்டென்சன் ஒயர வட்டமாச் சுத்தி வெச்சுக்கிட்டே லோடு ஏத்தாதே, சுத்துன ஒயரு சூடேறும். முழுசா விரிச்சு உடு. அதே பிளக்குப் பொட்டியில உங்கம்மா கிரைண்டரச் சொருகுனா, மாவும் ஆட்டாது, மேட்ச்சும் ஓடாது. ஒயரு நடக்கற பாதையில குறுக்கால போனா டேப்பு ஒட்டு, இல்லாட்டிச் செவுத்தோரமாக் கொண்டு போ. வாசல் தெளிச்ச ஈரத்துல பிளக்குப் பொட்டி கெடக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியருக்கே டிரிப் ஆவற ஆர்சிசிபி மீட்டர் பொட்டியில இருக்குதான்னு பாரு. இல்லாட்டி எலக்ட்ரீசியனக் கூப்புட்டுப் போடு. தென்னங்கீத்துப் பந்தலுக்குள்ளே ஒயர முடிச்சுப் போட்டுத் தொங்க உடாதே. ஜெனரேட்டர்ல ஓட்டறதா இருந்தா, அது இருமி முடிச்சு நெதானத்துக்கு வந்த பொறவு பொட்டியச் சொருகு.

கரண்டுக்கு அடுத்தபடி காத்து. பொட்டிக்கு ரெண்டு பக்கம் சல்லடை இருக்குதில்ல, ஒரு பக்கம் மூச்சு வாங்குது, ஒரு பக்கம் விடுது. தலகாணி மேல, மெத்தை மேல வெச்சா அது மூக்கப் பொத்துன கணக்கு. சுத்தீலும் ஒரு அடி எடம் உடு. கோடை மழை பேஞ்ச ராத்திரியா இருந்தா ஈசலு கெளம்பும். ஊர்ல எல்லா வெளக்கையும் உட்டுட்டு உன்ற லென்சுக்குத்தான் வரும். ஒண்ணு லென்சு முன்னால பறந்தாத் திரையில பெருசா ஒரு நெழலு அடிச்சுக்கும். கொழந்தைக கை தட்டும். மத்தது சல்லடைக்குள்ளே போயி ரெக்கைய உதுத்துட்டு பேன்ல சிக்கும். அதுக்கு ஆரும் கை தட்டமாட்டாங்க. மழை பேஞ்ச ராத்திரின்னா ஆசாரத்துக்குள்ளே வெச்சுக் காட்டு. முடிஞ்ச பொறவு சல்லடையத் தொறந்து மெல்லிசு பிரசுல தட்டு. லென்ச வாயில ஊதித் தொடைக்காதே, வெத்தலை போட்ட வாயி வேற. வேட்டி முந்தியும் வேண்டாம். கண்ணாடி தொடைக்கற மெல்லிசுத் துணி போதும்.

பள்ளிக்கூடத்துல எரவல் வாங்கற பெரிய பொட்டியா இருந்தா உள்ளே பாதரச லேம்ப் இருக்கும். அதுக்கு ஆயுசு சில ஆயிரம் மணி நேரந்தான். எல்இடியா இருந்தா இருபதாயிரம் மணி நேரத்துக்கு மேலயும் போகும். லேம்ப் பொட்டிய அணைச்சதும் பிளக்கப் புடுங்காதே. பேன் சித்த நேரம் ஓடி, சூட்டத் தணிச்சு, தானா நிக்கட்டும். அந்த லேம்ப் வெடிச்சா, சனத்த வெளியே அனுப்பு, சன்னலைத் தொற, கண்ணாடிச் சில்ல வெறுங்கையில அள்ளாதே. நடுவால படத்த மறைக்கோணும்னா லென்சு முன்னால புஸ்தகத்த நிறுத்தாதே, சூட்டுல பொசுங்கும். ரிமோட்டுல படத்த மறைக்கற பட்டன் இருக்குது.

கொழந்தைக திரைக்கு முன்னால போயி நெழல்ல மான், முயல் காட்டும். காட்டட்டும், ஆனாத் திரும்பி லென்சுக்குள்ளே எட்டிப் பாக்க உடாதே, அந்த வெளிச்சம் கண்ணுக்கு ஆவாது. லேசர் பொட்டின்னா இன்னும் மோசம். பெரியவங்க தலைக்கு மேல ஒசரத்துல பொட்டி இருந்துட்டா இந்தச் சிக்கலே இல்லே.

சத்தத்துக்கு உள்ளே இருக்கற ஸ்பீக்கரு வாசலுக்குப் பத்தாது. புளூடூத்துல சேத்துனா, சில சமயம் பந்து மட்டையில பட்டுச் சித்த நேரம் கழிச்சுத்தான் ‘டொக்’குனு கேக்கும், ஒயர்ல சேத்து. ராத்திரி 10 மணியிலிருந்து காலையில 6 மணி வரைக்கும் வெளியே ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000த்துல வந்த விதி இருக்குது. கடைசி ஓவரு அதுக்கு மேலதான் வரும்; அப்பச் சத்தத்தக் கொறைச்சுட்டு நீயே கமெண்டரி சொல்லு. எப்பிடியும் சொல்லாம இருக்கமாட்டே.

அப்பறம் உன்ற போனு. அதுலயிருந்துதான காட்டப் போறே? நோட்டிபிகேசன மொதல்ல அடக்கு. ‘தவணை பாக்கி’ன்னு பேங்குக்காரன் அனுப்பறது ஆறடி அகலத்துல வந்தா, உங்கொப்பனும் படிப்பான், உன்ற தம்பிக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு ரோசனை பண்ணிக்கிட்டிருக்கற ஒறம்பரையும் படிக்கும். காசு கட்டிப் பாக்கற சில ஆப்புகள மிரரிங் பண்ணுனாச் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாவே நிக்கும். அது பொட்டிக் கோளாறு இல்லே, திருட்டுத்தனமாப் பதியக் கூடாதுன்னு அவுங்க போட்ட பூட்டு. ஊட்டுச் சனத்துக்குக் காட்டறதோட நிறுத்திக்கோ. நோம்பித் திடல்ல புதுப்படம் போடறேன்னு கெளம்புனா, டிக்கெட்டுக் காசு வாங்காட்டியும் உரிமைக்காரங்க அனுமதி வேணும். அனுமதி இல்லாமப் போட்டா, கொட்டகை ஆபரேட்டருக்கு லைசென்ஸ் குடுத்த சர்க்கார் உனக்கு நோட்டீசு குடுக்கும்.

இத்தனையும் ஞாயித்துக்கெழமை ஏழரைக்கு, சனம் உக்காந்த பொறவு செஞ்சு பாக்கலாம்னு இருக்கறயா? ஆபரேட்டரு படம் போடறதுக்கு முன்னால ஒருக்கா ஓட்டிப் பாப்பான். நீயும் இன்னைக்கு ராத்திரியே ஓட்டிப் பாரு. அதுக்குக் கிரிக்கெட்டு வேண்டாம் கண்ணு, கறுப்பு வெள்ளைப் படந்தான் தோது. வெளுப்புல மஞ்சளோ நீலமோ படர்ந்தா அப்பவே காட்டிக் குடுத்துரும். கலர்ப் படத்துல ஒளிஞ்சுக்கும். சாவித்திரி நடிச்சதா ஒண்ணு எடு. மூஞ்சியில சாம்பல் நெறம் செரியா வருதான்னு நாங் கிட்ட உக்காந்து பரிசோதிக்கறேன். பாதியில நிறுத்தக் கூடாது, பொட்டி மூணு மணி நேரம் தாங்குதான்னு தெரியோணுமில்ல? உங்க அமுச்சி வந்து என்ன நடக்குதுன்னு கேட்டா, டெஸ்டிங்குனு சொல்லு.