மீட்டர் வட்டிக்கு வாங்கிய இரவு

எங்கள் வீட்டில் கடைசி விளக்கு ராத்திரி 10.45-க்கு அணையும். அணைப்பது நான்தான். கேஸ் மூடியாயிற்றா, மாடித் தொட்டி நிரம்பிவிட்டதா, கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று பார்த்துவிட்டு, பகல் முழுக்க ஓடிய மனுஷன் நியாயமாகப் பாயில் விழ வேண்டும். நான் சோபாவில் விழுகிறேன். கையில் போன்.

"அஞ்சே நிமிஷம்" என்று எனக்கு நானே வாக்குக் கொடுப்பேன். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் 22 வருடமாகக் குப்பை கொட்டுகிறவன் நான். ஒரு பைசா உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இந்த ஐந்து நிமிடம் எப்படி 1.10 மணி ஆகிறது என்பதை மட்டும் இன்றுவரை டேலி பண்ண முடியவில்லை.

அப்படி என்னதான் பார்க்கிறேன்? சொல்ல வெட்கமாக இருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை, ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர் துருப்பிடித்த சுத்தியல் ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. 38 நிமிடம் கண் கொட்டாமல் பார்த்தேன். எங்கள் வீட்டு அரிவாள்மனையும் துருப்பிடித்துத்தான் கிடக்கிறது. அதைத் தேய்த்துக் கொடுங்கள் என்று மனைவி பொங்கலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேரம்தான் கிடைக்கவில்லை.

தூங்காமல் முழித்திருக்கும் இந்த வியாதிக்குச் சீனாவில் பேரே வைத்துவிட்டார்கள்: பழிவாங்கும் கண்விழிப்பு. அங்கே பல கம்ப்யூட்டர் கம்பெனிகளில் காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் வேலை. '996' என்பார்கள். சட்டவிரோதம் என்று 2021-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லும்வரை போயிருக்கிறது. பகலைப் பறித்துக்கொண்டவர்களிடமிருந்து ராத்திரியையாவது மீட்கிறேன் என்று சபதம் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பழிவாங்கல். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-லேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். யாரும் தடுக்காதபோதும், தானே நினைத்த நேரத்துக்குப் படுக்காமலிருப்பது என்று விளக்கம் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு ஹாலை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியது மாதிரியே இருக்கிறது.

பழி யாரை வாங்குகிறேன் என்று கேட்கக் கூடாது. என் மேலாளர் பத்து மணிக்கே தூங்கிவிடுகிற ஜாதி. மறுநாள் நெற்றியில் விபூதி பளிச்சிட, "என்ன சார், கண்ணு செவந்திருக்கு, மெட்ராஸ் ஐயா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார்.

2017-ல் நெட்ஃபிளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ், தங்கள் கம்பெனிக்குப் போட்டியே மக்களின் தூக்கம்தான் என்று சொன்னார். ஒரு ரூபாய் சந்தா கட்டாமல் அவர் கட்சியில் சேர்ந்தவன் நான்.

விஷயம் இதுதான். காலையில் மோட்டார், பால், டிபன் பாக்ஸ், குரோம்பேட்டையிலிருந்து பீச் வரை மின்சார ரயிலில் ஒற்றைக்கால் தவம். பகல் ஆபீசுக்கு. மாலை பையனின் கணக்குக்கும் அம்மாவின் மாத்திரைக்கும். என் பேரில் வரவு வைக்க ஒரு கால் மணி கூட இல்லை. 10.45-க்குப் பிறகுதான் "என்னங்க" என்று யாரும் கூப்பிடுவதில்லை. ஸ்கூட்டர் சாவி எங்கே என்று கேட்க ஆளில்லை. அந்த நேரத்தில் போய்க் கண்ணை மூடலாமா? மூடினால் திறக்கும்போது விடிந்திருக்கும், மோட்டார் போட வேண்டியிருக்கும். தூங்காமலிருந்தால் நாளைக்கு வர வேண்டிய நாள் வாசலிலேயே காத்துக்கொண்டு நிற்கும் என்று ஒரு நப்பாசை.

நாளையிடமிருந்து வாங்கும் இந்தக் கைமாற்று, மீட்டர் வட்டிக் கணக்கு. வசூலுக்கு ரயிலுக்கே வந்துவிடும். போன மாதம் ஆபீஸ் விட்டு வரும்போது, செங்கல்பட்டு வண்டியில் அபூர்வமாக ஜன்னலோரம் கிடைத்தது. மாம்பலம் தாண்டியது நினைவிருக்கிறது. கண் விழித்தால் பலகையில் சிங்கப்பெருமாள்கோவில். திரும்பி வந்து சேர ஒன்றரை மணி நேரம் போச்சு. அந்த ஒன்றரை மணியையும் சேர்த்து அன்றிரவே பழிவாங்கினேன். தூக்கத்தைச் சமாளிக்க சாயங்காலம் 6-க்குப் போடும் டிகிரி காபியிலோ, பாதி கஃபீன் ராத்திரி 11-க்கும் உடம்பை விட்டுப் போயிருக்காதாம். நல்ல காபி, குறை சொல்ல மாட்டேன்.

இந்த நடுராத்திரி ராஜ்யம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். போன வாரம் 12.20-க்குத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால், மேடைக்குக் கீழே நீலமாக ஒரு வெளிச்சம். காதில் ஒயர், மடியில் முறுக்கு டப்பா, என் தர்மபத்தினி. போனில், இளம்பிள்ளையில் யாரோ ஒரு அம்மா புடவையாக விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"தூங்கலையா?" என்றேன், போலீஸ் குரலில்.

"நீங்க?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் வவுச்சர் இல்லை. "எத்தனை புடவை வாங்கியிருக்க?" என்று பேச்சை மாற்றினேன்.

"வாங்கறதுக்கா பாக்கறேன்? அந்தம்மா பாட்டுக்கு விரிக்கறாங்க, அவங்களே மடிச்சும் வச்சுடறாங்க. நான் மடிக்க வேண்டாம்ல, அதான்."

பேசாமல் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு சோபாவுக்குத் திரும்பினேன். அப்புறம்தான் உறைத்தது: சீனர்கள் பழிவாங்குவது கம்பெனியை. அவள் பழிவாங்குவது யாரை?

மறுநாள் அரிவாள்மனையைத் தேய்த்துவிட்டேன். பாதிதான். மீதியை முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

9 மணிக்குப் படுத்து 4.30-க்கு எழுகிற என் அம்மா, காலையில் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ராத்திரி கூர்க்கா வேலைக்குப் போறீங்களாடா?" என்கிறாள். அசலை அடைக்க முடியாவிட்டாலும் வட்டியையாவது கட்டுவோம் என்று ஞாயிறு மதியத்தை ஒதுக்கியிருக்கிறோம். ஆகையால் உற்றார் உறவினருக்கு ஒரு விண்ணப்பம்: ஞாயிற்றுக்கிழமை 2 மணியிலிருந்து 4.30 வரை பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கு வராதீர்கள். வந்தால் காலிங் பெல்லை அடிக்காமல் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போங்கள். கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துவிடுகிறோம், முகூர்த்தம் காலை 9-க்கு மேல் என்றால்.