லோ வோல்டேஜில் கசங்கிய வேட்டி: ஓர் ஆய்வு

இஸ்திரிப் பெட்டி என்பது கைப்பிடி வைத்த ஒரு மின்தடை. உள்ளே நிக்ரோம் கம்பிச் சுருள், அடியில் இரும்போ அலுமினியமோ. விசேஷமாக வேறொன்றும் கிடையாது. அதன்மேல் 230 வோல்ட், 1000 வாட் என்று அச்சிட்டிருக்கும். வாங்கிய அன்று அதை யாரும் படிப்பதில்லை. வேட்டியின் மடிப்பு நிமிராத அன்றுதான் கண்ணாடியைத் தேடியெடுத்துப் படிக்கிறார்கள். சிதம்பரத்திலும் கடலூரிலும் அந்த நாள் பெரும்பாலும் கோடைக்காலத்து மாலையாக, அதுவும் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும் நேரமாக வாய்த்துவிடுவது ஆய்வுக்கு வசதி.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, ஓமில் வரும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன், வாட்டில் வரும். முதற்கணக்குக்கு அடிப்படையான விதியை ஜெர்மானியரான கேயார்க் சைமன் ஓம் 1827-இல் நூலாக வெளியிட்டார். இரண்டாவதற்குப் பெயர் தந்த ஜேம்ஸ் வாட் 1819-லேயே காலமாகிவிட்டார். நீராவி எந்திரத்தோடு நின்றுகொண்டவர், ஆகவே வேட்டி விவகாரத்தில் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. 1000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ அந்த 4.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 53 ஓம். இந்த 53 பெட்டியின் பிறவிக்குணம். குண்டு பல்பின் இழை எரியும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறும். நிக்ரோம் அப்படியல்ல, சூட்டிலும் பெரிதாக மாறாது.

இனி, மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வரும் வோல்டேஜ் 180 என்று கொள்க. 180-ஐ 53-ஆல் வகுக்க 3.4 ஆம்பியர், பெருக்கிப் பார்க்க 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறைந்தது. சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் கூடவே குறைகிறது, இரண்டும் பெருக்கலில் சேர்ந்து இறங்குகின்றன.

இதற்கு எதிராகத் திண்ணையில் வழங்கும் கொள்கை ஒன்று உண்டு: “வோல்டேஜ் கம்மின்னா பெட்டி கரண்ட நெறய இழுக்கும், பில்லு எகிறும்.” இது முழுப்பொய் அல்ல. பிரிட்ஜுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சொன்னது. அவை அதே வேலையைச் செய்தே தீருவேன் என்று கூடுதல் ஆம்பியர் இழுத்துக் காயிலை எரித்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டிக்கு அந்த வைராக்கியம் இல்லை.

சந்தேகப்படுவோர் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கைப் பார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு 3200 முறை சிமிட்டும் மீட்டர், 1000 வாட்டுக்கு நிமிடத்தில் 53 முறை சிமிட்டும். 612 வாட்டுக்கு 33 முறைதான். பத்து நிமிட வேலை பதினாறு நிமிடத்தைத் தாண்டும். ஏறுவது பில் அல்ல, மாமியாரின் குரல்.

காணாமல்போன 50 வோல்ட்டுக்கு நெய்வேலியைத் திட்டுவது மரபு. 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் இதே கடலூர் மாவட்டத்தில் இருப்பதால் வரும் உரிமைக் கோபம் அது. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் முதலில் பெரிய கட்டமைப்பில் கலக்கிறது, அக்கம்பக்கம் பார்ப்பதில்லை. குற்றவாளி தெருவிலேயே தொங்குகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசி வீடுவரை போய்த்திரும்பும் கம்பிக்கு அரை ஓம் தடை, எல்லா வீட்டு ஏசியும் சேர்ந்து 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், வழியிலேயே 50 வோல்ட் கழிந்துவிடும். கம்பியில் வீணாகும் திறன் 5000 வாட். அதாவது ஐந்து இஸ்திரிப் பெட்டிகள் தெருவின் காற்றைத் தேய்த்துக்கொண்டிருப்பதற்குச் சமம்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறிக் கடலூர் மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது வோல்ட்டும் பூஜ்யம், ஆம்பியரும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் தடை கிடைக்காது. பெட்டிக்குள் 53 ஓம் கேட்பாரற்று அப்படியே இருந்தது. தள்ளுவண்டியில் கரிப்பெட்டி வைத்துத் தேய்ப்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவர் கணக்கு உருப்படிக்கு இவ்வளவு.

கடலூர் முதுநகர் போன்ற துறைமுகப் பகுதிக்குத் தனிக்குறிப்பு ஒன்று. உப்புக்காற்றில் பிளக்கின் பித்தளை முள் களிம்பேறும். அங்கே ஒரே ஒரு ஓம் கூடினாலும் சுமார் 4.3 ஆம்பியர் ஓட்டத்தில் 18 வாட் சூடு, விரல்நுனி அளவு இடத்தில். முதலில் பிளாஸ்டிக் கருகும் வாசனை, பிறகு முள் கறுக்கும், கடைசியில் சாக்கெட்டும் இளகும். அப்படிக் கறுத்திருந்தால் பிளக்கையும் சாக்கெட்டையும் மாற்றவும். பெட்டியை மாற்றிப் பயனில்லை.