தட்டணுவுக்குத் தட்டுப்பாடு இல்லை!

பேரனுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நிற்கவே அரை மணி நேரமாகிறது. லேப் சீட்டிலோ பிளேட்லெட் 2.5 லட்சம், நார்மல். சீட்டை நம்பவா, மூக்கை நம்பவா? (ஒரு பாட்டி, பழனி)

மூக்கைத்தான்! ஊரில் ஆள் நிறைய இருந்தும் தேர் இழுக்கக் கை நீட்டாத கதை இருக்கிறதல்லவா, அப்படியும் ஒரு பிறவிக் கோளாறு உண்டு. தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் புரதமே இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. சுவிட்சர்லாந்துக் குழந்தை மருத்துவர் கிளான்ஸ்மன் 1918-லேயே எழுதிவைத்த நோய். எண்ணிக்கைச் சோதனையில் சிக்காது. தட்டணுக்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது. ரத்தநோய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பப்பாளி இலை அரைக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

சொந்தத்தில் கட்டினால் சொத்து வெளியே போகாது என்கிறாரே என் மாமனார்? (வாசகர், தேனி)

வாஸ்தவம். மரபணுவும் வெளியே போகாது! மேலே சொன்ன தட்டணு நோய் வர, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர வேண்டும். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் தாத்தா ஒருவரே என்பதுதான் சிக்கல்.

அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்? காது குத்தலாமா? (வாசகி, ஈரோடு)

காய்ச்சலுக்கு டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். அவை தட்டணுவை இன்னும் மந்தமாக்கும். காது குத்த மாமன் மடி தயாராக இருக்கட்டும். ஆசாரிக்குச் சொல்லி அனுப்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். பல் பிடுங்குவதற்கும் அதேதான்.