முத்திரைக்கு முன்னால் எட்டு மணி நேரம்

கேள்வி: அமெரிக்காவில் பல வருடங்களாகப் பாலம் டிசைன் செய்கிறேன். ஒரு பாலமும் விழவில்லை. இந்த வயதில் பொறியாளர் லைசென்ஸ் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டுமா? (ஹூஸ்டன் வாசகர்)

பதில்: உங்கள் வரைபடத்தின் ஓரத்தில் யாருடைய முத்திரை இருக்கிறது என்று பாருங்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் வேறொருவருடையது. நாளை ஏதாவது நேர்ந்தால் சட்டம் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

உங்கள் டெக்ஸாஸில் பொறியாளர் லைசென்ஸ் சட்டம் எப்படி வந்தது தெரியுமா? 1937 மார்ச் 18. நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம். கட்டடத்தைச் சூடாக்கக் கொண்டுவந்திருந்த எரிவாயு கசிந்து தரைக்கு அடியில் சேர்ந்துகொண்டே இருந்தது. அதற்கு வாடையே கிடையாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு தீப்பொறி போதுமானதாக இருந்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அந்த ஆண்டே டெக்ஸாஸ், பொறியாளர் பதிவுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததுதான். நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அதுவும் இப்படி வேண்டுமென்றே சேர்க்கப்படும் வாடைதான். வயதைப் பார்க்காமல் எழுதுங்கள் ஐயா.

கேள்வி: சென்னையில் சிவில் முடித்தேன். அமெரிக்கா போய் நேராக இந்தத் தேர்வை எழுதலாமா? (குரோம்பேட்டை வாசகர்)

பதில்: முதலில் உங்கள் பட்டத்தை எடை போடுவார்கள். தேர்வுகளை நடத்தும் என்.சி.இ.இ.எஸ். அமைப்பே வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிட்டுத் தருகிறது. பிறகு எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு: 110 கேள்விகள். அதன் பின் பெரும்பாலும் 4 ஆண்டு அனுபவம், கடைசியில் லைசென்ஸ் தேர்வு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் உங்கள் மாநில போர்டு சொல்வதை மட்டும் நம்புங்கள். ரூம்மேட் சொல்வதை அல்ல.

கேள்வி: எங்கள் சீனியர்கள் பெட்டி பெட்டியாகப் புத்தகங்களைத் தள்ளிக்கொண்டு போனார்களாமே? நான் எத்தனை புத்தகம் வாங்கட்டும்? (நியூ ஜெர்சி வாசகர்)

பதில்: அது பேப்பர் பென்சில் காலம். சிவில் தேர்வு 2022 முதல் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. 80 கேள்வி, 8 மணி நேரம். தேர்வுக் கையேட்டைத் திரையிலேயே பி.டி.எஃப். ஆகத் தருவார்கள், நீங்கள் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கொண்டுபோக முடியாது. அதே பி.டி.எஃப்.ஐ என்.சி.இ.இ.எஸ். தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தயவுசெய்து அதைப் பிரிண்ட் எடுத்து பைண்ட் செய்து, மஞ்சள் கோடு போட்டுப் படிக்காதீர்கள். பரீட்சையில் உங்கள் மஞ்சள் கோடு இருக்காது, தேடுபெட்டி மட்டும்தான் இருக்கும். அதில் ‘கான்கிரீட்’ என்று தட்டினால் பக்கம் பக்கமாக வந்து கொட்டும். அந்தப் புத்தகம் தன் தலைப்பில் என்ன சொல்லை வைத்திருக்கிறதோ அதைத் தட்டினால் நேராகச் சமன்பாட்டில் போய் நிற்பீர்கள். எந்தச் சொல்லுக்கு எந்தப் பக்கம் என்று விரலுக்குப் பழக்கமாகும்வரை திரையில் வைத்தே கணக்குப் போடுங்கள். என்னைக் கேட்டால் தயாரிப்பில் பாதி இதுதான்.

இன்னொன்று. சுமார் பாதிக் கேள்விகள் முடிந்ததும் முதல் பகுதியை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் அந்தப் பக்கம் திரும்பவே முடியாது. அதற்குள் ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள்.

கேள்வி: விடை தெரியாவிட்டால் குத்துமதிப்பாகப் போடலாமா?

பதில்: தாராளமாக. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

கேள்வி: கால்குலேட்டர் புதிதாக வாங்க வேண்டுமா? (டாலஸ் வாசகி)

பதில்: காலேஜில் வைத்திருந்த காசியோ எஃப்.எக்ஸ்-991 டிராயரில் இருக்கிறதா? அந்த வரிசை அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உண்டு. பேட்டரி மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் மாதிரித் தேர்வில் விடை தப்பிக்கொண்டே இருக்கிறது! (அட்லாண்டா வாசகர்)

பதில்: அலகைப் பாருங்கள். நாம் மீட்டரிலும் கிலோ நியூட்டனிலும் வளர்ந்தவர்கள். அங்கே அடி, பவுண்ட், கிப். தண்ணீரின் எடை நமக்கு கன மீட்டருக்கு 9.81 கிலோ நியூட்டன், அவர்களுக்குக் கன அடிக்கு 62.4 பவுண்ட். வாய்க்காலில் ஓடும் நீரைக் கணக்கிடும் மேனிங் சமன்பாட்டில் நம் அலகில் முன்னால் 1 நிற்கும், அங்கே 1.486. அதை மறந்தால் விடை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். கொடுமை என்னவென்றால், இப்படி மறந்தவருக்கு வரும் விடையும் நான்கில் ஒன்றாக அங்கே உட்கார்ந்திருக்கக்கூடும். பவுண்டிலேயே யோசிக்கப் பழகுங்கள், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் அடுத்த மாதம் எழுதுகிறார். மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுக்கவா? (சான் ஹோசே வாசகி)

பதில்: 50 நிமிட இடைவேளைதான், அதன்பின் இன்னும் பாதித் தேர்வு பாக்கி. தயிர்சாதம் கண்ணைச் சொக்க வைக்கும், இரண்டு இட்லி போதும். அதைவிடப் பெரிய உதவி ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு, அவரை 8 மணி நேரம் உட்கார்ந்து மாதிரித் தேர்வை முழுசாக எழுத வையுங்கள்.

கேள்வி: தேறவில்லை. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: கூச்சப்பட ஒன்றுமில்லை தம்பி. தேறாதவர்களுக்குப் பாடவாரியாக ஓர் அறிக்கை வரும், அதைச் சுவரில் ஒட்டுங்கள். எதில் தாழ்ந்திருக்கிறதோ அதில் ஆரம்பியுங்கள். 12 மாதத்தில் மூன்று முறை வரை எழுத என்.சி.இ.இ.எஸ். அனுமதிக்கிறது, சில மாநிலங்கள் இன்னும் கறார்.

கேள்வி: தேறிவிட்டேன்! நண்பர் தன் வரைபடத்துக்கு முத்திரை போட்டுத் தரச் சொல்கிறார். சின்ன வேலைதான், போடலாமா? (சிகாகோ வாசகர்)

பதில்: வாழ்த்துகள். போடாதீர்கள். 1981 ஜூலை 17 அன்று கான்சாஸ் சிட்டியின் ஹையட் ரீஜன்ஸி ஹோட்டலில் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்ததை, இரண்டு கம்பிகளாகப் பிரித்தார்கள். பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் மேல் நடைபாதையின் இணைப்பில் சுமை இரட்டிப்பானது. பொறுப்பான இரண்டு பொறியாளர்களின் மிசௌரி லைசென்ஸ் பறிபோனது. நீங்கள் செய்த, அல்லது உங்கள் நேரடிப் பொறுப்பில் நடந்த வேலைக்கு மட்டுமே முத்திரை போடலாம் என்பது சட்டம். நண்பரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.