பேன் பார்க்கும் அம்மாயி

ராசிபுரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அங்கே ஓர் அம்மாயி இருப்பார். அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி; ஆனால் யாருக்கு அம்மாயி என்று கேட்கக் கூடாது. தெருவில் தலைமுடி உள்ள எல்லாருக்கும்தான். மாடு கத்தினால் அவர் காதில் விழாது. மருமகள் கூப்பிட்டால் சுத்தமாக விழாது. நாலு வீடு தள்ளி யூகேஜி படிக்கிற பிள்ளை தலையைச் சொறிந்தால் மட்டும் விழுந்துவிடும்.

"ஏங்கண்ணு, இங்க வா சாமி. அம்மாயிகிட்ட வந்து உக்காரு."

பிள்ளை வந்து உட்காருவதற்குள் தீர்ப்பு ஆகிவிட்டது. விசாரணை அப்புறம்.

பின்னாலேயே பிள்ளையின் அம்மா பதறிக்கொண்டு வருவாள். "பேனெல்லாம் இல்லீங் அம்மாயி, பொடுகுதானுங்." பொடுகு கௌரவமான வியாதி. டிவி விளம்பரத்தில் நடிகைகளுக்கே வருகிறது. பேன் என்றால் குடும்ப மானம் போச்சு. அம்மாயி வாதாட மாட்டார். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடியை விலக்கி, ஒரு வெள்ளைப் புள்ளியை நகத்தால் தள்ளிப் பார்ப்பார். உதிர்ந்தால் பொடுகு. இருந்த இடத்தை விட்டு அசையாவிட்டால் ஈரு. பெண் பேன் முட்டையை முடியின் அடியில் ஒரு பசை வைத்து ஒட்டிவிட்டுப் போகிறது. தலைக்கு ஊற்றினாலும் அது வராது. தோல் டாக்டர் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அவர் பூதக்கண்ணாடி வைத்திருக்கிறார், கூடவே ஃபீஸும்.

ஆக, அம்மாயியின் கை சொல்வது சரி. வாய் சொல்வதுதான் வம்பு.

"நேத்து பெங்களூர்ல இருந்து ஒரம்பரை வந்துச்சில்ல? அந்தப் புள்ள தலையில இருந்துதான் குதிச்சிருக்குது."

பேனுக்குக் குதிக்கவும் தெரியாது, பறக்கவும் தெரியாது. ஆறு காலின் நுனியிலும் உள்ள கொக்கி நகத்தால் முடியைப் பிடித்துக்கொண்டு ஊரும், அவ்வளவே. பெரும்பாலும் தலையும் தலையும் ஒட்டினால்தான் வீடு மாறும். அரிப்போ, பேனின் எச்சில் ஒத்துக்கொள்ளாமல் வருவது. முதல்முறையாகப் பேன் ஏறிய தலையில் அரிப்பு தொடங்கவே நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். நேற்று வந்த பெங்களூர்ப் பிள்ளை நிரபராதி என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் சேதி அதற்குள் தெருக்கோடிக்கும், போனில் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரம்பரை, அதாவது விருந்தாளி, வராத வாரத்தில் குற்றவாளி கோழி. நாமக்கல் பக்கம் இது ரொம்ப வசதி. எந்தத் திசையில் கையை நீட்டினாலும் ஒரு பண்ணை இருக்கும். கோழிச்செள்ளு ஆள்மேல் ஏறிக் கடித்துப் பார்ப்பதுண்டு. கோழிப்பேன் மனுசத் தலையில் குடித்தனம் பண்ணாது. சொன்னால் அம்மாயி நம்பமாட்டார்.

முட்டைக் கணக்கில் மட்டும் அவர் பிசகியதில்லை. தினம் முட்டைக்கு விலை கட்டுகிற ஊர்க்காரர் ஆயிற்றே. பண்ணைக் கோழி நாளுக்கு ஒன்று இடவே முக்குகிறது. பேன் ஆறு, எட்டு என்று வைத்துக்கொண்டு போகும். ஏழு முதல் பத்து நாளில் பொரிந்துவிடும். ஈரைப் பேனாக்கும் வேலையை இயற்கையே பார்த்துக்கொள்வதால், பேனைப் பெருமாளாக்குவது மட்டும்தான் அம்மாயி பொறுப்பு.

ஆயுதம் பேன் சீப்பு. இதை லேசாக நினைத்துவிட வேண்டாம். இஸ்ரேலில் லாகீசு என்ற பழைய நகரத்தில் கிடைத்த தந்தச் சீப்பு ஒன்றில், ஏறத்தாழ 3,700 ஆண்டுக்கு முந்தைய கானானிய எழுத்து இருப்பதை 2022இல் அறிவித்தார்கள். அந்த எழுத்தில் இதுவரை கிடைத்த முழு வாக்கியங்களில் அதுதான் மிகப் பழையது. எழுதக் கற்றுக்கொண்ட மனுசன் ராஜாவையா புகழ்ந்தான்? தலையிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழியட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். அம்மாயி அந்த வம்சம். தலையை நனைத்து, மடியில் வெள்ளைத் துண்டு விரித்து, அடிமுடியிலிருந்து நுனிவரை இழுப்பார். துண்டில் விழுந்து ஊர்ந்தால்தான் சாட்சி.

மண்ணெண்ணெயும் சீத்தாப்பழ விதைப் பொடியும் எடுக்கும்போது மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீத்தா விதை பேனைக் கொல்லும். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், பக்கத்தில் அடுப்பு இருந்தால் பிள்ளையையே பொசுக்கும். டாக்டரைக் கேட்டு பெர்மெத்ரின் லோஷன் வாங்குவது மேல். எதற்கும் மசியாத கூட்டத்துக்குப் பழனி இருக்கிறது. மொட்டைக்குப் பேன் வருவதாக இதுவரை புகார் இல்லை.

சீப்பு இழுக்க இழுக்க வேறு சிலவும் வெளியே வரும். குனிந்த தலை, இடுக்கிப் பிடித்த முழங்கால். பிள்ளை எங்கே ஓடும்? "உங்கப்பிச்சி பணம் குடுத்துதா? ராத்திரி உங்கம்மா எதுக்கு அழுதா கண்ணு?" யூகேஜிக்குப் பொய் சொல்லத் தெரியாது. மூணு பேன் விழுவதற்குள் நிலத் தகராறு முழுசாக விழுந்துவிடும்.

முடிந்ததும் பின்னலைப் போட்டுவிட்டு, "எட்டு நாளு கழிச்சு, சந்தையன்னிக்குக் கூட்டியா" என்பார். பிள்ளையின் அம்மாவுக்கு ஆச்சரியம். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கணும், மிச்ச ஈரு பொரிந்திருக்கும் என்று டாக்டரும் அதைத்தான் சொன்னார்.

"எப்பிடிங் அம்மாயி, டாக்டரு மாதிரியே சொல்றீங்?"

"அன்னிக்குத்தான் எம்மருமவ ஊட்டுல இருக்கமாட்டா."